முன்கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு மாண்டலின்

கடம் வாசிக்கும் வித்வான், தனி ஆவர்த்தனத்தின் நடுவே பானையின் வாயை வயிற்றோடு அழுத்துவதையும் விலக்குவதையும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நாதம் நிறம் மாறும். அவர் அதைத் தெரிந்தே செய்கிறார். மாண்டலின் வாசிப்பவரும் அதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறார், தெரியாமல், கச்சேரி முழுவதும். கருவியின் முதுகு அவர் வயிற்றில் அழுந்திக்கிடக்கிறது. முன்பக்க விளிம்பின் மேல் வலது முன்கை பாரமாக உட்கார்ந்திருக்கிறது. அதிரவேண்டிய இரண்டு பலகைகளையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அமுக்கிவிட்டு, "நாதம் நிற்கமாட்டேன் என்கிறதே" என்று தந்தியை மாற்றுகிறோம், மீட்டும் தகடான பிளெக்ட்ரத்தை மாற்றுகிறோம், கடைசியில் கருவியையே மாற்றுகிறோம்.

இந்த இரண்டு இடங்களுக்கும் தனித்தனியே ஒரு துணைப்பொருள் உண்டு. முன்கை மேல்பலகையில் படாமல் விளிம்புக்கு மேலே நின்று தாங்கும் சிறு மரத்துண்டு ஒன்று. அதைக் கைத்தாங்கி என்று வைத்துக்கொள்வோம். முதுகை உடம்பிலிருந்து விலக்கி வைக்கும் உலோகச் சட்டம் மற்றொன்று; அது பின்காப்பு. கடைகளில் முதலாவதற்கு ஆர்ம்ரெஸ்ட் என்று பெயர். இரண்டாவதைப் பரவலாக விற்கும் ஒன்றின் பெயரைச் சொல்லி டோன்கார்ட் என்பார்கள். சிங்கப்பூரில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் கித்தார் கடைகளில் ஏறி இறங்கினால் மாண்டலின் ஒன்று கண்ணில் பட்டாலே பெரிது. அதற்கான உதிரிகளை வரவழைத்துக்கொள்வதுதான் வழி.

வரவழைக்கும் அளவுக்கு இவை அவசியமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கர்நாடக சங்கீதம் வாசிக்க விரும்புகிறவர்கள். அமெரிக்காவில் புளூகிராஸ் என்ற நாட்டுப்புற இசை வாசிக்கிறவர்களுக்காகச் செய்த பொருள் நமக்கு எதற்கு என்ற எண்ணம் அவர்களுக்கு. என் கட்சி நேர் எதிரானது. அவர்களைவிட நமக்குத்தான் இது அதிகம் தேவை. காரணம் இடது கையில் இருக்கிறது.

புளூகிராஸ் வாசிப்பில் இடது கை பெரும்பாலும் தாவுகிறது. கழுத்தில் குறுக்கே பதித்த ஒரு மெட்டிலிருந்து (ஃபிரெட்) எழுந்து இன்னொரு மெட்டில் இறங்குகிறது. நம் கைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. தோடியின் காந்தாரத்தை அசைப்பதற்கும், ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாருவில், அதாவது வழுக்கிக்கொண்டே, ஏறுவதற்கும், விரல் தந்தியை அழுத்தியபடியே மெட்டுகளின் மேல் உரசிக்கொண்டு போகவேண்டும். மேலே ஏறும்போது அந்த உரசல் கருவியை வலப்பக்கம் தள்ளும். இறங்கும்போது இடப்பக்கம் இழுக்கும். வீணைக்கு இந்தத் தொல்லை இல்லை, அது தன் கனத்தாலேயே கிடந்த இடத்தில் கிடக்கும். மாண்டலினோ சுமார் ஒரு கிலோ எடை. சம்மணமிட்டு உட்கார்ந்தால் தொடைமேல் நழுவிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தி வைக்கும் வேலை, சொல்லாமலே, வலது முன்கையின் தலையில் விழுகிறது. முன்கை விளிம்பை அமுக்குகிறது. அந்த அமுக்கில் முதுகு வயிற்றோடு ஒட்டுகிறது. இப்படிச் சுரத்தை அசைக்கும் கமகம் எவ்வளவு அழுத்தமோ, பிடியும் அவ்வளவு அழுத்தம்.

இதில் உள்ள கோளாறைக் கவனியுங்கள். ஒரே மீட்டில் நாலு அசைவு காட்டவேண்டிய இடத்தில்தான் நாதம் நீண்டு நிற்கவேண்டும். அதே இடத்தில்தான் நாம் கருவியை அதிகமாக இறுக்குகிறோம். மூன்றாவது அசைவு வருவதற்குள் ஒலி தேய்ந்துவிடுகிறது. உடனே மறுபடி மீட்டுகிறோம். அருகில் இருந்து கேட்கும் குரு "ஏன் இத்தனை மீட்டு?" என்று முகம் சுளிக்கிறார்.

இந்த இடத்தில் எப்போதும் ஒருவர் எழுந்து, "மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இதெல்லாம் மாட்டிக்கொண்டா வாசித்தார்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. 1969இல் ஆந்திராவின் பாலக்கொல்லுவில் பிறந்து, 2014 செப்டம்பரில் சென்னையில் மறைந்த யு. ஸ்ரீனிவாஸ்தான் நம்மில் பலருக்கு மாண்டலின் என்றால் நினைவுக்கு வருகிறவர். ஆனால் அவர் வாசித்தது குழிவில்லாத, முழுமரத்தில் செய்த மின் மாண்டலின். எட்டுத் தந்திகளின் இரட்டைகளை ஒற்றைகளாக்கி, பிறகு ஐந்தாவது தந்தியையும் சேர்த்துக்கொண்டார். அதில் தந்தியின் அசைவை மின்சைகையாக மாற்றும் பிக்கப் எடுத்துக்கொள்கிறது, ஒலிபெருக்கி பாடுகிறது. முதுகுப் பலகை என்று அதிர்வதற்கு எதுவுமே இல்லை. அந்தக் கருவியை வயிற்றில் அல்ல, சுவரில் சாய்த்து வாசித்தாலும் ஒலியில் பெரிய மாற்றம் வராது. உங்களிடம் இருப்பது அந்த வகையென்றால் பின்காப்புக்குச் செலவழிக்க வேண்டாம். கைத்தாங்கி வேண்டுமானால் கைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் என்னைப் போன்றவர்கள் சேர்ந்து உட்காரும் சமூக மன்ற அறைகளில் நான் அதிகம் காண்பது வேறு வகை. மேலும் கீழும் வளைவாகச் செதுக்கிய பலகைகள் கொண்ட, குழிவான, எட்டுத் தந்தி மாண்டலின். ஆர்வில் கிப்சன் 1898இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. 1922இல் கிப்சன் நிறுவனத்தில் லாயிட் லோர் மேற்பார்வையில் வெளிவந்த எஃப்-5 என்ற மாண்டலின் அதன் உச்சம். வயலினைப் போல மேல்பலகை ஸ்ப்ரூஸ், முதுகு மேப்பிள். நம்மவர்கள் இதை வாங்கி வந்ததும் செய்யும் முதல் காரியம், ஒவ்வொரு இணையிலும் ஒரு தந்தியைக் கழற்றுவது. இரட்டைத் தந்தியில் கமகம் எடுத்தால் இரண்டும் சேர்ந்து அசையாமல் சுருதி பிசகுகிறது, எனவே வேறு வழியில்லை. ஆனால் பாதித் தந்தி போனால் பலகையை அசைக்கும் சக்தியிலும் பெரும்பங்கு போகிறது. மிஞ்சிய சக்தியை வயிறும் சட்டையும் குடிப்பதற்கு விடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

முதுகு அவ்வளவு அதிருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு சோதனை செய்யலாம். கருவியைக் கழுத்தில் இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மற்றொரு கையின் விரல்முட்டியால் முதுகின் நடுவில் லேசாகத் தட்டுங்கள். காலியான மரப்பெட்டியின் 'டொம்' என்ற ஒலி கேட்கும், அது கொஞ்சம் நிற்கும். இப்போது வழக்கம்போல் மடியில் வைத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டு மேல்பலகையில் அதேபோல் தட்டுங்கள். பிறகு வயிற்றிலிருந்து ஒரு விரல் அளவு விலக்கிவிட்டு மறுபடி தட்டுங்கள். பருத்திச் சட்டை ஒட்டும்போது அந்த 'டொம்' வாலறுந்து 'டப்' ஆகிவிடும். இன்னும் வேண்டுமென்றால், உள்ளங்கையை முதுகில் பட்டும் படாமலும் வைத்து, கீழ்த்தந்தியைத் திறந்த நிலையில் மீட்டுங்கள். வழக்கமான ஜி சுருதியில் இருந்தால் 196 ஹெர்ட்ஸ் அதிர்வு உள்ளங்கையில் குறுகுறுக்கும். கையில் உணர்வது அவ்வளவும் காற்றுக்குப் போகாமல் போனது.

கைத்தாங்கி செய்யும் வேலை இதைவிடச் சிறியது என்று முதல் பார்வைக்குத் தோன்றும். செதுக்கிய மேல்பலகை நடுவில் தடிமனாகவும் விளிம்பை நோக்கி மெலிந்தும் வரும். அந்த மெலிந்த வட்டம்தான் பலகை முழுவதும் மேலும் கீழும் அசைவதற்கு இடம் கொடுக்கிறது. முன்கை சரியாக அங்கேதான் படுகிறது. கைத்தாங்கியோ பலகையைத் தொடாமல், பக்கச் சுவரும் உட்பட்டையும் சேர்ந்து கெட்டியாக இருக்கும் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஓரம் அதிகம் அசையாத இடம் என்பதால் அங்கே ஒரு சிறு பாரம் ஏறினாலும் நட்டமில்லை.

வயலின் உலகம் இதையெல்லாம் எப்போதோ முடித்துவிட்டது. ஜெர்மானிய வயலின் வித்வான் லூயி ஷ்போர் 1820 வாக்கில் தாடைத்தாங்கியைக் கொண்டுவந்தார். பிறகு தோள்தாங்கியும் வந்து முதுகையும் விலக்கியது. (நம் வயலின் வித்வான்கள் கருவியின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்துத் தங்கள் வழியில் தீர்த்துக்கொண்டார்கள், அது தனிக் கதை.) நேப்பிள்ஸ் நகரத்துக் குடத்து முதுகு மாண்டலின்களிலும் தந்தி முடிச்சுகளுக்கு மேல் ஒரு மூடி உண்டு, சட்டைக் கை கிழியாமல் இருக்க. வளைந்த முதுகும் உடம்பில் ஒரு சிறு வட்டத்தில்தான் படும். செதுக்கிய மாண்டலின் வந்தபோதுதான் இரண்டு சௌகரியங்களும் கழன்றுபோயின.

இப்போது விற்கும் கைத்தாங்கிகள் தாடைத்தாங்கியின் உடன்பிறப்புகள். கருங்காலி, ஈட்டி, மேப்பிள் என ஏதோ ஒரு மரத்தில் ஒரு வளைந்த பட்டை. அதன் அடியில் இரண்டு கால்கள், காலுக்குத் தக்கை ஒட்டிய பாதம். நடுவில் துளையிட்ட சிறு திருகுக்குழல். அந்தத் துளையில் ஒரு கம்பிச் சாவியை நுழைத்துத் திருகினால் பிடி இறுகும். மாட்டும்போது கவனம் முழுவதும் அந்தச் சாவியின் முனையில் இருக்கட்டும். அது துளையைத் தாண்டி வெளிவந்து பக்கச் சுவரின் வார்னிஷில் கோடு கிழித்துவிடும். காலாவதியான இஸி-லிங்க் பயண அட்டை ஒன்றைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு திருகுங்கள். அளவான வளைவும் வழவழப்பும் கொண்ட அட்டை, இதற்கென்றே வார்த்ததுபோல் உட்காரும். இறுக்கத்துக்கு அளவு என்னவென்றால், கைத்தாங்கியை விரலால் தள்ளினால் நகரக்கூடாது, தக்கை பிதுங்கவும் கூடாது. மாட்டிய சில நாட்களில் தக்கை அமுங்கி ஒருமுறை தளரும். மறுபடி கால் சுற்று போதும்.

உயரம்தான் ஆளுக்கு ஆள் மாறும். உயர்ந்த கைத்தாங்கி மணிக்கட்டை வளைக்க வைக்கிறது, துரித காலத்தில் அது வலியாக மாறும். நான் கிடைத்ததிலேயே தாழ்ந்ததைத்தான் பரிந்துரைப்பேன். முன்கை பலகைக்கு மேலே ஒரு விரல் தடிமன் ஏறினாலே, மீட்டும் கை தானாகச் சற்று முன்னே, மெட்டுப் பலகையை நோக்கி நகர்ந்துவிடும். அங்கே மீட்டினால் ஒலி உருண்டையாக வரும். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அருகே மீட்டினால் கூர்மையாக வரும். கைத்தாங்கி மாட்டியதும் நாதமே மாறிவிட்டது என்று புளகாங்கிதம் அடைகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இந்த இடமாற்றத்தைத்தான் என்பது என் ஊகம். அதனால் என்ன, நல்ல மாற்றம்தான்.

விளிம்பு அறுப்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். மாண்டலினின் ஓரத்தில் பதித்த பட்டை கிட்டத்தட்டச் செங்கோணத்தில் முடிகிறது. ஒரு மணி நேரச் சாதகத்துக்குப் பிறகு சட்டைக் கையை மடித்துப் பார்த்தால் முன்கையில் சிவந்த கோடு விழுந்திருக்கும். சிலருக்குச் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது. வலிக்கிற கை ஒருநாளும் தளர்ந்து மீட்டாது. தாளம் தவறாமல் வாசிக்கும் ஒருவர் ராகம் தானம் பல்லவியின் தானத்தில் மட்டும் பின்தங்கினால் நான் முதலில் அவருடைய முன்கையைத்தான் பார்ப்பேன்.

இனி வியர்வை. பூமத்தியரேகைக்கு ஒன்றேகால் பாகை வடக்கே, பகலில் 31, 32 டிகிரி, ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். இந்த ஊரில் குளிரூட்டி இல்லாத அறையில் அரை மணி நேரம் வாசித்துவிட்டு முன்கையை எடுத்தால், மேல்பலகையில் ஈரமான முத்திரை ஒன்று இருக்கும். பழைய கருவிகளில் ஸ்பிரிட் வார்னிஷ், பிறகு வந்தவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுமே வியர்வையும் சூடும் சேர்ந்தால் இளகும், மங்கும், கடைசியில் உரியும். குளிர்நாட்டில் பல தலைமுறை புழங்கிய மாண்டலின்களிலும் முன்கை பட்ட இடம் வெளுத்துப்போய் மரம் தெரியும். இங்கே அதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. நாதம், சுகம் என்று எதையும் நம்பாதவருக்குக்கூட, இந்த ஊரில் கைத்தாங்கி மாட்ட இது ஒன்றே போதும்.

பின்காப்பின் அமைப்பு எளிது. முதுகின் வளைவுக்கு வெளியே கூடுபோல் நிற்கும் ஒரு மெல்லிய உலோகச் சட்டம். அதன் நாலு மூலைகளிலும் மெத்தென்ற உறை போட்ட கொக்கிகள் பக்கச் சுவரின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். திருகு கிடையாது, சட்டத்தின் வில்விசைதான் பிடி. சுருள் இல்லாத ஏ வடிவத்துக்கு ஒன்று, சுருளும் முனைகளும் உள்ள எஃப் வடிவத்துக்கு வேறொன்று. மாற்றி வாங்கினால் பொருந்தாது. மாட்டியபின் முதுகுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழையவேண்டும். எங்காவது உராய்ந்தால் குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் 'ர்ர்' என்று இரையும், நாம் மெட்டில் பழுது என்று தேடிக்கொண்டிருப்போம்.

இதனால் ஒலி எவ்வளவு கூடும் என்பதில்தான் மிகைப்படுத்தல் அதிகம். என் மகளைக் கூடத்தின் மறுகோடியில் எனக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, பின்காப்போடும் இல்லாமலும் அதே கல்யாணி வரியை வாசித்துக்காட்டினேன். எனக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கருவி மடியில் விழித்துக்கொண்டதுபோல் இருந்தது. அவளோ யோசித்துவிட்டு, "சத்தம் கூடினமாதிரி தெரியவில்லை அப்பா. கடைசி சுரம்தான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறது" என்றாள். கீழ்த்தந்திகளில் அவள் தயங்காமல் சரியாகச் சொன்னாள், மேல்தந்தியில் ஊகித்தாள். நான் இதுவரை கேட்ட விளம்பர வாசகங்களைவிட அவள் சொன்னது உண்மைக்கு அருகில் இருக்கிறது. முதுகின் பங்கு தாழ்ந்த ஸ்தாயியில் அதிகம், உச்சத்தில் குறைவு. கூடுவது உரப்பைவிட நீளம். கமகத்துக்கு வேண்டியதும் நீளம்தான்.

வீவக அடுக்குமாடி வீட்டில் உரப்பைக் கூட்டுவதால் என்ன லாபம் என்ற கேள்வியும் இருக்கிறது. அடுத்த வீட்டுச் சுவர் கட்டிலை ஒட்டி நிற்கும் இடத்தில், இரவு சாதகம் செய்கிறவனுக்கு ஒலி குறைந்தால்தான் நல்லது. ஆனால் நடப்பது வேறு. தன் காதுக்கு நன்றாகக் கேட்கும்போது கை தானாக மெதுவாக மீட்டுகிறது. கருவி ஊமையாக இருக்கும்போதுதான் நாம் அடித்து வாசிக்கிறோம். அந்தக் கணக்கில் பின்காப்பு பக்கத்து வீட்டாருக்கும் ஒரு உபகாரம்.

இன்னொரு பயன், பெயரிலேயே இருக்கிறது. கச்சேரிக்குப் போடும் ஜிப்பாவின் பொத்தானும், இடுப்பு வாரின் கொக்கியும், புடவை என்றால் ஊசியும் மேப்பிள் முதுகில் எழுதும் எழுத்துகள் அழியாதவை.

பின்காப்பில் எனக்கு இரண்டு குறைகள். கொக்கிகளின் மெத்தென்ற உறை நைட்ரோ லாக்கரோடு நாட்கணக்கில் ஒட்டிக்கிடந்தால், ரப்பரிலும் வினைலிலும் உள்ள இளக்கிகள் லாக்கரை மழுங்கடிக்கும். இந்த வெக்கையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். எனவே வாசித்து முடித்ததும் கழற்றி, ஈரம்போகத் துடைத்து, தனியே வைக்கவேண்டும். எப்படியும் பல பெட்டிகள் பின்காப்போடு மூடுவதில்லை. கருவியைக் கேமரா வைக்கும் ஈரநீக்கி அலமாரியில் 50 விழுக்காட்டில் வைப்பவர்கள் சட்டத்தையும் அதற்குள்ளேயே மாட்டிவிட்டால் மறக்காது. இரண்டாவது குறை, சம்மணமிட்டு உட்காரும்போது உலோகச் சட்டம் வேட்டியின் மேல் வழுக்கும். நாற்காலிக்காரர்களுக்கு இது தெரியாது. முஸ்தபா கடையில் இழுப்பறைக்குள் விரிப்பதற்கென்று வலைபோன்ற ரப்பர் விரிப்பு சுருள் சுருளாகக் கிடைக்கும். அதில் உள்ளங்கை அகலம் வெட்டித் தொடையில் போட்டுக்கொண்டால் கருவி அசையாது. ஜாருவில் இழுபடுவதும் பாதி குறையும்.

இந்த விரிப்பையும், கால்விரல் பகுதியை வெட்டிய ஒரு பருத்திக் காலுறையை முன்கையில் போட்டுக்கொள்வதையும் சேர்த்தாலே, புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு ஆரம்பத்தில் போதும். காலுறை வியர்வையைத் தடுக்கும், விளிம்பின் கூர்மையை மழுக்கும். அதிர்வை அமுக்குவதை மட்டும் நிறுத்தாது. வர்ணம் தாண்டிக் கீர்த்தனைக்கு வந்தபின் கைத்தாங்கியை முதலில் வாங்குங்கள், பின்காப்பை அடுத்து. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இந்த ஊருக்குக் கைத்தாங்கி.

மரத்தின் பேரில் விலை ஏற்றுவதை நம்பவேண்டாம். கருங்காலிக்கும் மேப்பிளுக்கும் வித்தியாசம் நிறத்தில்தான். ஈட்டி மரம் என்றால் சுங்கத்தில் சிக்கலாகுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2017இல் அந்த மர இனம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது உண்மை, ஆனால் 2019 நவம்பரிலிருந்து முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவி உதிரிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ஈட்டி மட்டும் அதில் சேராது. கேட்டு வாங்குங்கள்.

கைத்தாங்கியை வரவழைக்க எழுதிப் போடுவதற்குமுன், கருவியின் பக்கச் சுவர் உயரத்தை, மேல்பட்டையின் விளிம்பிலிருந்து கீழ்ப்பட்டையின் விளிம்புவரை, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளி அளந்துகொள்ளுங்கள். கைத்தாங்கியின் கால்கள் அந்த உயரத்துக்குப் பொருந்தவேண்டும். நீளம் குறைந்த கால் கவ்வாது, கூடிய கால் இறுகாது. திருப்பி அனுப்ப வேண்டிவந்தால் அஞ்சல் செலவு நம்முடையது, விலையோடு கட்டிய 9 விழுக்காடு ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறும் வேலையும் நம்முடையது.